டிக்கெட் இல்லாத மாமல்லபுரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை டோல்கேட்டில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். பாதி வண்டிகளுக்கு அன்றைய நிரல் ஒன்றேதான். பதினோரு மணிக்கு ஐந்து ரதம், அங்கே கல் யானைமீது சாய்ந்து ஒரு போட்டோ. பன்னிரண்டுக்கு வெண்ணெய் உருண்டையைக் கையால் முட்டுக்கொடுத்துத் தாங்குவதுபோல் இன்னொன்று. கடற்கரைக் கோயிலில் வெயில் தாளாமல் பாதிச் சுற்று. வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு. குழந்தைக்குச் சிப்பியில் கோத்த ஒரு சாவிக்கொத்து. நாலு மணிக்கு மறுபடி டோல்கேட். வீடு வந்து சேருமுன்பே ஸ்டேட்டஸ் போட்டாகிவிடும்: ‘மகாபலிபுரம் முடிச்சாச்சு!’

குறை சொல்வதற்கில்லை. நாற்பது ரூபாய் டிக்கெட்டில் உலகப் பாரம்பரியச் சின்னத்தைப் பார்த்து, மீனும் சாப்பிட்டு, இருட்டுமுன் வீடு திரும்புவது நல்ல ஞாயிறுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் பார்க்கவும் பொழுது போக்கவும் இருப்பதில் கால்வாசிகூட அந்த டிக்கெட்டுக்குள் அடங்காது. வேலிக்குள் இருப்பதைப் பல்லவர்கள் செய்து முடித்து (சிலவற்றை முடிக்காமலே விட்டு) ஆயிரத்து முந்நூறு வருஷமாகிறது. வேலிக்கு வெளியே வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உளி பிடித்த சிற்பிகள், மாசிப் பௌர்ணமிக்குக் கடலோரம் வந்து தங்கும் இருளர்கள், அலைமேல் பலகை ஓட்டும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசை விட்டுக்கொடுத்த கிராமத்தார் என்று செங்கல்பட்டு மாவட்டத்தின் உண்மையான கவர்ச்சி இவர்கள்தான்.

ஊரின் பெருமைக்குக் குறைவில்லை. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்து, அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று பேசினார்கள். அதற்காக ஊரே வெள்ளையடித்துக்கொண்டது. 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் பக்கத்துப் பூஞ்சேரியில் நடந்தபோது, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ தமிழ்நாடு முழுக்கச் சுவர்களில் கைகூப்பி நின்றான். அதே ஆண்டு வெளியான மத்திய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரம் இன்னொரு பட்டத்தைக் கொடுத்தது. 2021-22-ல் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டினர் 1,44,984 பேர். தாஜ்மகாலுக்குப் போனவர்கள் 38,922 பேர். விமானங்கள் ஒழுங்காகப் பறக்காத கொரோனா காலத்துக் கணக்கு அது. அதை வைத்துக்கொண்டு தாஜ்மகாலை ஜெயித்துவிட்டோம் என்று மார்தட்டுவது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் சந்தோஷமான கணக்கு.

வருகிறவர்கள் தங்குவதில்லை என்பதுதான் சிக்கல். பகலில் நெரிசல், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒத்தவாடைத் தெருவில் நாலைந்து ஓட்டல் விளக்குகள்தான்.

உளிச் சத்தம்

ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் சிற்பக்கூடங்கள். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு வரிசையாகப் பிள்ளையாரும் புத்தரும் மட்டும் தெரியும். இறங்கி உள்ளே போனால் ஓலைக் கொட்டகையோ தகரக் கொட்டகையோ. அதன் கீழே தரையெல்லாம் வெள்ளைப் பொடி. வாசலில் விற்பனைக்கு வைத்திருக்கும் சிறு பொம்மைகள் பெரும்பாலும் மாக்கல். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மை. கோயிலுக்குப் போகிற கருங்கல் சிலைகள் பின்கட்டில் இருக்கும், அங்கேதான் சங்கதி.

கருங்கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மணிபோலக் கணீரென்று ஒலித்தால் ஆண் கல், தாளம்போல் மெல்லிய நாதம் வந்தால் பெண் கல். இரண்டிலும் சேராதது பீடத்துக்கோ தளத்துக்கோ போகும். தேர்ந்த கல்லின் முகத்தைச் சமப்படுத்தி, காவி நனைத்த நூலைப் பிடித்துச் சுண்டிவிட்டால் சிவப்புக் கோடு பதியும். நடுக்கோடு, முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று தாலக் கணக்கு. முகத்தின் நீளம்தான் அளவுகோல். முழு உருவமும் அதன் மடங்காக வளரும். கோடு போட்ட பிறகு பெரிய உளி, பிறகு சின்னது, பிறகு அதைவிடச் சின்னது. உளியின் முனை மழுங்க அதிக நேரம் ஆகாது. மழுங்கியதை உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து மறுபடி கூராக்குவார்கள். பழைய கூடங்களில் இந்த உலைக்கென்றே ஒரு மூலை இருக்கும்.

இப்போது மின்சாரக் கட்டர் வந்துவிட்டது. ஒரு மாதம் ஆகிற முதல்கட்ட வேலையைச் சில நாளில் முடித்துவிடலாம். ஆனால் அந்த மெஷின் கிளப்பும் தூசி நுரையீரலுக்கு எமன். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு புகைமூட்டத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் இளைஞர்களைப் பார்த்தால், அந்தப் பிள்ளையாரைப் பேரம் பேசுவதற்கு வாய் வராது. முகம், விரல் நகம், ஆபரணத்தின் நெளிவு ஆகியவை மட்டும் இன்றும் கைவேலை. கண் திறப்பது கடைசி.

இந்தத் தொழில் பல்லவர் காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று கைடுகள் அடித்துச் சொல்வார்கள். அவ்வளவு நேர்கோடு அல்ல. இன்றைய சிற்ப ஊரின் கதையில் முக்கியமான ஆண்டு 1957. அந்த ஆண்டு அரசு இங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவருடைய மகன் வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவரை வடிவமைத்த அதே கணபதி ஸ்தபதிதான். பயிற்சி நிலையம் வளர்ந்து இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி ஆகியிருக்கிறது. படித்து முடித்தவர்கள் ஊரிலேயே கூடம் போட்டார்கள். அவர்களிடம் கற்றவர்கள் இன்னும் கூடங்கள் போட்டார்கள். 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் இந்த ஊரைக் கல் சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரம் என்று அறிவித்தது. 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலேசியாவிலோ அமெரிக்காவிலோ ஒரு தமிழ்க்கோயில் எழும்பினால், அதன் விக்கிரகம் இந்தத் தெருவில் உளிபட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பழைய சிற்பத்தைப் பார்க்கும் கண் இந்தக் கூடங்களில் அரை மணி நேரம் நின்றால் மாறிவிடும். அதன்பிறகு அர்ச்சுனன் தபசுக்குப் போங்கள். சாலையோரத்தில் திறந்தவெளியாக இருக்கும் பாறை. ஏறத்தாழ 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். அர்ச்சுனன் பாசுபதம் கேட்கிறானா, பகீரதன் கங்கையை இறக்குகிறானா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. அதை அவர்களுக்கே விட்டுவிடலாம். யானையின் காலடியில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையைப் பாருங்கள். அதைச் சுற்றி நம்பி நிற்கிற எலிகளைப் பாருங்கள். பாறையின் நடுப்பிளவுக்கு அருகே குளித்து எழுந்த ஒருவன் துணியைப் பிழிகிறான். கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. மேலே தொட்டி கட்டி, அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் விழவைத்திருக்கிறார்கள். அருவி ஓடும்போது பிளவில் இருக்கும் நாகர்கள் நெளிந்திருப்பார்கள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சியும் அப்படித்தான். கறப்பவன் மடியில் கவனமாக இருக்க, பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. கோவர்த்தனகிரியைத் தூக்குகிற கண்ணனைவிட இந்தப் பசுதான் அந்த மண்டபத்தின் நாயகி என்பது என் கட்சி.

இந்தப் பாறைகளுக்கு நம் வாசகர்கள் இன்னொரு விதத்திலும் கடன்பட்டிருக்கிறார்கள். ரசிகமணி டி.கே.சி.யோடு இந்தக் கடற்கரையில் கழித்த பொழுதில்தான் ‘சிவகாமியின் சபத’த்துக்கு வித்து விழுந்தது என்று கல்கி எழுதியிருக்கிறார். அந்த நாவலின் சிற்பி ஆயனர் வீடு எந்தப் பக்கம் என்று கைடுகளை மடக்குகிறவர்கள் இன்றும் உண்டாம்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஒரு யோசனை. ஊரின் மேற்கே, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமாகப் பிடாரி ரதங்கள் இரண்டும் வலையன்குட்டை ரதம் ஒன்றும் நிற்கின்றன. கார்கள் அங்கே திரும்புவதே இல்லை. மூன்றும் அரைகுறை. அதுதான் அவற்றின் அழகும். மேலே சிகரம் முழுசாக இருக்கும். கீழே வரவர வெறும் பாறை. மேலிருந்து கீழே செதுக்கி வந்தார்கள் என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமல் அங்கே புரிந்துகொள்ளலாம். முடிக்காமல் விட்ட குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டமாகத் தட்டி எடுத்த தடமும் தெரியும். சதுர வடிவில் உளி விட்டுப்போன பள்ளங்களைத் தடவிப் பார்க்கத் தோன்றும். பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

ஊர்க்காரர்களுக்கு இந்தச் சின்னங்கள் வரம் மட்டும் அல்ல. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். திரும்பின பக்கமெல்லாம் சின்னம் இருக்கிற ஊரில் இது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணம் என்று மாடியில் ஒரு அறை எடுக்க நினைக்கிற தகப்பனுக்கு மகேந்திரவர்மனிடமும் நரசிம்மவர்மனிடமும் அனுமதி கேட்கிற நிலை. சட்டம் தேவைதான்; பழுதுபார்க்கும் அனுமதியையாவது விரைந்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

மாசி நிலா

வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி மாமல்லபுரத்தில் தங்க முடியும் என்றால், மாசிப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் நாட்டிய விழாவைவிட, பட்டத் திருவிழாவைவிட, இதுதான் இந்தக் கடற்கரையின் பெரிய திருவிழா. விளம்பரம் கிடையாது, மேடை கிடையாது, வரவேற்புரை கிடையாது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் முந்தின நாளே வந்து இறங்கும். கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணலில் நாலு சவுக்குக் கொம்பை நட்டு, மேலே பழைய புடவையைக் கட்டினால் வீடு தயார். சாயங்காலத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கடற்கரை நெடுகப் புடவைக் கூரைகள். மூன்று கல் வைத்து உலை. கிழவிகள் வெற்றிலை இடிக்க, பிள்ளைகள் அலையில் நனைய, வருஷம் முழுக்கப் பார்க்காத சொந்தங்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரும்பு வெட்டிலும் சிதறிக் கிடக்கிற மக்களுக்கு இது ஒன்றுதான் ஊர் கூடும் நாள்.

அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். ஏழு கன்னிமார் என்பார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட அம்மனைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைக்கத்தான் இந்தப் பயணம் என்பது நம்பிக்கை. விடியலுக்கு முன்னால் ஈர மணலைக் குழைத்து ஏழு படி கட்டுவார்கள். படிக்குப் படி மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரம். பொரிகடலை, தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு. கடல் தண்ணீரை மொண்டு வந்து வைப்பார்கள். சூரியன் தலைகாட்டும் நேரத்தில் யாராவது ஒரு பெரியவருக்கோ அம்மாவுக்கோ சாமி வரும். குடும்பத்தார் சுற்றி நின்று கேட்பார்கள்: மழை பெய்யுமா, உடம்பு தேறுமா, பிள்ளைக்கு வழி பிறக்குமா? பதில் வரும். கோபமாகவும் வரும்.

அந்த மணல் படிகளுக்கு முன்னால்தான் கல்யாணமும். மஞ்சள் கயிறு, மாலை, சுற்றிலும் சொந்தம், முடிந்தது. பத்திரிகை இல்லை, மண்டப வாடகை இல்லை. இந்த வருஷம் பெண் பார்த்து, நிச்சயம் பேசி, அடுத்த மாசிக்குத் தாலி கட்டுகிற வழக்கமும் உண்டு. மொட்டை, காது குத்து எல்லாம் அங்கேயே. கல்யாணத்துக்குக் கடன் வாங்கி முழி பிதுங்கும் நம்மவர்கள் ஒருமுறை அந்த விடியலைப் பார்க்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் புடவைகளை அவிழ்த்துச் சுருட்டிக் கிளம்பிவிடுவார்கள். ஏழு படியையும் கடல் எடுத்துக்கொள்ளும்.

போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் வீட்டு விசேஷம். சாமி ஆடுகிறவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுவது, அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் மணமகள் அறைக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். பௌர்ணமிக்கு நிர்வாகம் தற்காலிகக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு என்று ஏதோ செய்கிறது. கூடுகிற கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? சீன அதிபர் வருகிறார் என்றதும் சில வாரத்தில் ஊரையே பளபளப்பாக்க முடிந்தவர்களுக்கு, வருஷா வருஷம் நாள் தெரிந்து வருகிற சொந்த மாநிலத்து மக்களுக்காக நிரந்தரக் கழிப்பறை கட்டுவது முடியாத காரியம் அல்ல.

இதே இருளர்களை வேறொரு கோலத்தில் பார்க்க, வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் 1976-ல் தொடங்கியது. முதலைகளைப் பார்க்கத்தான் பள்ளிக்கூட பஸ்கள் வருகின்றன. மரக்கட்டைபோல் கிடக்கிற முதலை வாயைத் திறக்கிற கணத்துக்காகப் பிள்ளைகள் மணிக்கணக்கில் கம்பியைப் பிடித்து நிற்கும். அந்த வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1972-ன் வனவிலங்குச் சட்டமும் அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத் தோலை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பைப் பறித்தன. அந்தக் கையறு நிலையில் 1978-ல் பிறந்தது இந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகையைப் பிடித்து வந்து, மண்பானையில் மூன்று நாலு வாரம் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் கையால் எடுத்ததுதான். பானையின் வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். இருளர் அதை அவிழ்த்து, கொக்கியால் பாம்பைத் தூக்கி, தலையைப் பிடித்துக் கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் பல்லைப் பதிய வைப்பார். மஞ்சளாக ஒரு சொட்டு வழியும். கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

சென்னேரியைச் சேர்ந்த பாம்பு பிடிக்கும் இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பே, 2017-ல், ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைப் பிடிக்க அமெரிக்காக்காரர்கள் இவர்களைத்தான் விமானம் ஏற்றிக் கூட்டிப்போனார்கள்.

பலகை ஓட்டும் பிள்ளைகள்

கடலோர ஊர்களில் கட்டுமரம் தெரிந்தவனுக்கு அலை தெரியும். ஆனால் அலையில் சும்மா விளையாடுவது வேலையற்றவன் காரியம் என்றுதான் குப்பத்தில் பேச்சு. அதை மாற்றியது கோவளம். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் கிடைத்த பலகையை வைத்து அலைமேல் நிற்கப் பழகி, பிறகு நண்பர்கள் துணையோடு 2012-ல் அங்கே ஒரு சர்ஃபிங் பள்ளியைக் கொண்டுவந்தார். குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் வைத்த சட்டம். அடுத்த ஆண்டிலிருந்து சர்ஃபிங் திருவிழா. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ்கூட வந்து பலகை ஏறினார்.

அலை அப்படியே தெற்கே மாமல்லபுரத்துக்கும் பரவியது. கோயிலை ஒட்டிய பாறைப் பக்கத்தில் உடைகிற அலைக்கு வெளிநாட்டு சர்ஃபர்களே பெயர் வைத்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிப் போட்டி இங்கே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ஊர்ப் பெண் பிள்ளைகளும் சளைக்கவில்லை. சின்ன வயதிலேயே ஸ்கேட்போர்டு ஏறிய மாமல்லபுரத்துக் கமலியையும் அவளைத் தனியாக வளர்த்த அம்மாவையும் பற்றிய குறும்படம் பாஃப்டா பரிந்துரை வரை போனது.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் நிற்க வைத்துவிடுவோம் என்பார்கள். விழுவதிலேயே பாதி நேரம் போகும். கற்றுக்கொடுப்பவர் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள். மாமல்லபுரம் கடல் பார்க்கச் சாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவரையும் இழுத்துக்கொண்டு போகும். எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்திலேயே குளிக்கிற கூட்டத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நீந்தித்தான் ஆக வேண்டும் என்றால் கோவளம் தேவலை. 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை; உயிர்காப்போர் இருக்கிறார்கள்.

அதே கடல்தான் 2004 டிசம்பர் 26-ல் சுனாமியாக வந்து சாளுவன்குப்பத்துப் பக்கம் மணலை வாரிக்கொண்டு போய், கல்வெட்டுள்ள ஒரு பாறையை வெளியே காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியபோது ஒரு முருகன் கோயிலின் தரைத்தளம் கிடைத்தது. மேல்தட்டில் பல்லவர் காலக் கல், அதற்கும் கீழே சங்ககாலத்தது என்று தொல்லியலாளர்கள் கருதும் செங்கல் கட்டுமானம், முன்னால் ஒரு கல் வேல். இப்போது ஷெட் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே புலிக்குகை. பெயர்தான் புலி, சுற்றிச் செதுக்கியிருப்பவை யாளித் தலைகள். குடும்பமாகக் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட இந்தக் கடலோரத்தில் இதைவிட நல்ல நிழல் இல்லை.

உள்ளே தள்ளிப் போனால்

கடலை விட்டு மேற்கே பதினைந்து கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். மத்தியானம் இரண்டு கழுகு வந்து பண்டாரத்தின் கையில் சோறு வாங்கும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவை வருவது நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கழுகு இல்லாவிட்டாலும் படியேறலாம். மேலிருந்து பார்த்தால் கீழே கோபுரமும் குளமும் ஏரிகளும் வயலும். தூரத்தில் கடலின் கோடு. சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் மெல்லிய துணி வாங்கி ஏற்றிய கோட்டையும் அவர்களுடைய கல்லறைகளும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1760-ல் ஆங்கிலேயர் உடைத்தது. மிச்சத்தைச் சினிமாக்காரர்கள் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். வடக்கே முட்டுக்காட்டில் படகுச் சவாரி வழக்கம்போல். அங்கே நான் பரிந்துரைப்பது தட்சிணசித்ராவை. செட்டிநாட்டு வீடு, அக்ரகாரத்து வீடு, கேரளத்துக் கிறிஸ்தவர் வீடு என்று இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, மறுபடி கூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். லாரி பேக்கரின் கைவண்ணமும் உண்டு. 1996-ல் திறந்தது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால்தான் நம் அடுக்குமாடி வீடுகளில் எதை இழந்தோம் என்று உறைக்கும்.

நான் அதிகம் நேரம் ஒதுக்கச் சொல்வது வேடந்தாங்கலுக்கு. மதுராந்தகம் பக்கம், மாமல்லபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமார். நவம்பர் முதல் மார்ச் வரை ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கிளை தெரியாது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மாடி பிடித்துக்கொண்டிருக்கும். மாலை ஐந்து மணிக்கு இரை தேடிப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போது கரையில் நிற்கவேண்டும். சத்தமும் நாற்றமும் சேர்ந்தே வரும். மூக்கைப் பொத்தாதீர்கள், அந்த எச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதை உரச்சாக்கு வருமுன்பே தெரிந்துவைத்திருந்த கிராமத்தார், பறவையைச் சுடக்கூடாது என்று 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கினார்கள். வனத்துறை என்று ஒன்று இல்லாத காலம் அது. இன்றும் தீபாவளிக்கு ஊரில் வெடிச்சத்தம் கேட்காது. 2020-ல் சரணாலயத்தைச் சுற்றியிருந்த ஐந்து கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையைச் சுருக்கப் பார்த்தபோது கிளம்பிய எதிர்ப்பில் அந்த யோசனை கைவிடப்பட்டது. 2022-ல் ராம்சார் ஈரநில அங்கீகாரம் வந்தது.

கோயில் பிரியர்களுக்கு இரண்டு வரி. திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாளைக் கல்யாணம் கூடாதவர்கள் மாலையும் கழுத்துமாகச் சுற்றுகிறார்கள். மாமல்லபுரம் ஊருக்குள்ளேயே தலசயனப் பெருமாள் பாம்பணை இல்லாமல் வெறும் தரையில் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. அர்ச்சுனன் தபசைப் பார்த்துவிட்டு நூறடி நடந்தால் போதும். பலர் நடப்பதில்லை.

டிசம்பர், ஜனவரியில் வந்தால் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா. முன்பு அர்ச்சுனன் தபசையே பின்திரையாக வைத்து மேடை போட்டார்கள். இப்போது கடற்கரைக் கோயில் வளாகத்துக்குப் போய்விட்டது. சின்னத்தின் பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் இது சரி. ஆனால் கண்ணுக்குப் பழைய மேடைதான் விருந்து. பரதத்துக்கு நடுவில் கரகமும் கதகளியும் வரும். கொசுவுக்கும் பனிக்கும் ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

அரசிடம் கேட்க நிறைய இருக்கிறது. கூடங்களில் தூசி உறிஞ்சும் கருவி, பிடாரி ரதத்துக்கு ஒரு வழிகாட்டிப் பலகை, சதுரங்கப்பட்டினத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் வார இறுதிச் சுற்றுலாப் பஸ், இருளர்களுக்கு மேலே சொன்ன கழிப்பறை. எதுவும் கோடிக்கணக்கில் போகிற காரியம் அல்ல.

வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஒரு ராத்திரி தங்குங்கள். ஊர்க்காரர் நடத்துகிற சின்ன விடுதியில் அறை எடுங்கள். மாக்கல் பிள்ளையாருக்குப் பேரம் பேசினாலும் கருங்கல் சிற்பிக்குச் சொன்ன கூலியைக் கொடுங்கள். கார் வேண்டும் என்பதில்லை. சென்னையிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் பஸ் இருக்கிறது. ரயிலில் செங்கல்பட்டு வந்தால் அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகவே பஸ் வரும். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். புதன்கிழமை கிளம்பினால் இரண்டும் திறந்திருக்கும், டோல்கேட்டிலும் கூட்டம் இருக்காது.